கானல்வரியும் கொம்புமுறியும்: மாதவி குற்றவாளியான வரலாறு

சித்ரா பௌர்ணமியன்று குமுளியில், மங்கலதேவி மலைக்குச் செல்லும் ஜீப்புக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கம்பத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்: “அந்தச் சிறுக்கி மட்டும் கடக்கரையில அந்தப் பாட்டப் பாடாம இருந்திருந்தா, இந்த மகராசி இம்புட்டுத் தூரம் வந்து நின்னிருக்க வேண்டாம்.” இளையவர் விடவில்லை: “மொதல்ல பாடுனது அவன்தானக்கா. அத யாரும் கேக்க மாட்டேங்கிறீங்களே?” மூத்தவர் பதில் சொல்லுமுன் ஜீப் வந்துவிட்டது.

சித்தூர் வட்டத்தின் தமிழ்க் கிராமம் ஒன்றில் வளர்ந்த எனக்கு இந்த வாதம் புதிதன்று. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. தீர்ப்பும் பெரும்பாலும் மாதவிக்கு எதிராகவே முடிந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு எப்படி உருவாயிற்று, சிலப்பதிகாரப் பனுவல் அதற்கு இடம் தருகிறதா என்னும் இரு கேள்விகளையே இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

1. கேள்வி கேட்பவன் மேடையில் நிற்கும் மரபு

அண்மைக்காலமாக நம் துறைகளில் ‘ஊடாட்டப் புனைவு’ என்னும் வகைமை குறித்து ஆய்வுகள் பெருகிவருகின்றன. கதையின் திருப்பங்களில் வாசகரே முடிவெடுக்கும் வகை அது. 1970களின் நடுப்பகுதியில் வில் கிரவுதர் எழுதிய குகைச் சாகசக் கணினி நிரலையும், 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய சிறுவர் நூல்வரிசை ஒன்றையும் அதன் தொடக்கங்களாகச் சொல்வது வழக்கம். இசைக்கலைஞர்களைப் பாத்திரங்களாகக் கொண்ட இத்தகைய கதைகளில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் பாடும் பாட்டு அவருடைய மனத்தின் வாக்குமூலமா, அன்றி வெறும் பாட்டா? பாத்திரத்தின் நோக்கத்தை வாசகர் முதலில் ஊகித்தாக வேண்டும். அந்த ஊகத்தின்படியே கதை கிளை பிரியும்.

கணினிக்கு முன்பே இந்த வடிவம் பாலக்காட்டுப் பகுதியில் உண்டு. பாணர் சமூகத்தினர் நிகழ்த்தும் பொறாட்டு நாடகத்தில் தாசி, குறவன், குறத்தி என வேடங்கள் ஒவ்வொன்றாக வரும். வந்த வேடம் தன் போக்கில் ஆடிவிட்டுப் போக முடியாது. ‘சோத்தியக்காரன்’ என்றொருவன் மேடையிலேயே நின்று, ‘நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய்’ என்று குறுக்கே கேட்டுக்கொண்டிருப்பான். அவன் கேட்பவை பார்வையாளர் கேட்க விரும்புபவை. தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பேச்சில் ஒவ்வொரு பாத்திரமும் தன் நோக்கத்தைத் தானே சொல்லியாக வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் ஏழாம் பகுதியாகிய கானல்வரியில் இல்லாதவன் இந்தச் சோத்தியக்காரனே. இருவர் பாடுகிறார்கள், இருவரும் மற்றவருடைய நோக்கத்தை ஊகிக்கிறார்கள், ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை.

2. கடற்கரையில் நடந்தவை

முதலில் மாதவி யார் என்பதை நினைவுகொள்வோம். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் அரங்கேறியவள். அரங்கேற்று காதையில் அவளுடைய அழகைவிட அவளை உருவாக்கியவர்களின் தகுதிகளுக்கே இடம் மிகுதி. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம் கூறப்படுகிறது. எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கின் அளவுகளும் தரப்படுகின்றன. தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் பயிற்சியை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்த பழந்தமிழ்ப் பனுவல் வேறில்லை. அரசன் அளித்த ஆயிரத்தெட்டுக் கழஞ்சு மதிப்புள்ள மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் மறுகில் விலைகூறுகிறாள், கோவலன் வாங்குகிறான். அவர்கள் உறவு ஒரு விற்பனையில் தொடங்கியது. அதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

இந்திரவிழா முடிந்த நாளில், அவள் ஊருக்காக ஆடிய ஆடல் நிறைவுற்ற வேளையில், கோவலன் ஊடிய கோலத்தோடு இருக்கிறான். அவனை மகிழ்விக்கவே மாதவி தன்னை அணிசெய்துகொண்டு அவனோடு கடற்கரைக்குப் புறப்படுகிறாள். ஆகவே கடற்கரைக்கு வருமுன்பே ஒரு சிறு விரிசல் இருந்தது. அவளுடைய கலை ஊருக்குப் பொது. அவன் விரும்பியது தனக்கே உரிய ஒருத்தியை.

புன்னை நிழலில், ஓவியம் தீட்டிய எழினி சூழ்ந்த இடத்தில் இருவரும் அமர்கிறார்கள். மாதவி வசந்தமாலையின் கையிலிருந்து யாழை வாங்கிச் சுருதி கூட்டிச் சரிபார்க்கிறாள். பண்ணல் முதல் குறும்போக்கு வரை எட்டுச் செயல்கள் இங்கு முறையாகக் கூறப்படுகின்றன. பின்னர் யாழை அவன் கையில் தருகிறாள். கோவலன் காவிரியை முன்னிட்டும் கடற்கானலை முன்னிட்டும் பாடத் தொடங்குகிறான்.

இந்த இடத்தில் பனுவல் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மாதவியின் மனம் மகிழவே அவன் வாசிக்கத் தொடங்கினான் என்று கதைசொல்லியின் குரலிலேயே வருகிறது. அவனுடைய நோக்கம் வாசகருக்குச் சொல்லப்பட்டுவிட்டது, மாதவிக்குச் சொல்லப்படவில்லை. அவன் பாடியவை கேட்டு, இவன் மனத்தில் வேறொரு குறிப்பு உண்டு, இவன் நிலை மாறிவிட்டான் என்று அவள் எண்ணுகிறாள். மகிழ்ந்தவள் போல் யாழை வாங்கி, தானும் ஒரு குறிப்புடையவள் போல் பாடுகிறாள். இங்கே ‘போல்’ என்னும் உவம உருபு முழு வழக்கையும் தாங்கி நிற்கிறது. அவளுக்கு உண்மையில் வேறு குறிப்பில்லை, இருப்பதுபோல் பாடினாள். இதுவும் வாசகருக்குச் சொல்லப்பட்டது; கோவலனுக்குச் சொல்லப்படவில்லை. அவன் அந்தப் பாட்டைக் கேட்டு, இவள் வேறொருவன்மேல் மனம் வைத்துப் பாடினாள், பொய்கள் பல புனையும் மாயத்தாள் என்று முடிவுகட்டி ஏவலாளர் சூழ எழுந்து போய்விடுகிறான். மாதவி செயலற்ற நெஞ்சோடு வண்டியேறித் தனியே வீடு திரும்புகிறாள்.

இருவர் நோக்கங்களையும் அறிந்தவர் வாசகர் மட்டுமே. ஆனால் ‘அவள் ஏன் அப்படிப் பாடினாள்’ என்று நாம் கேட்கும்போதெல்லாம் பனுவல் நமக்குத் தந்த அந்தச் சலுகையை மறந்துவிட்டுக் கோவலன் அமர்ந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறோம்.

3. காவிரி ஊடவில்லை

பாட்டின் உள்ளே என்ன இருந்தது? கோவலனின் முதல் பாடல்கள் காவிரியைப் பற்றியவை. சோழன் கங்கையைக் கூடினாலும், கன்னியைக் கூடினாலும், காவிரி புலப்பதில்லை. அப்படிப் புலவாதிருப்பது பெண்களின் பெருங்கற்பு என்று அறிந்தேன் என்பது அவற்றின் கருத்து. வாழ்த்துப் பாட்டுக்குரிய மரபான கற்பனைதான். ஆறுகளை அரசனின் துணைவியராகப் பாடுவது புலவர் வழக்கு.

மாதவியும் காவிரியைத்தான் பாடுகிறாள். அதே யாப்பு, அதே விளி. காவிரி இப்படி அசைந்து நடப்பதற்குக் காரணம் அவள் கணவனின் செங்கோல் வளையாதிருப்பதே என்று அறிந்தேன் என்கிறாள். அவன் பாட்டில் பொறுப்பு முழுவதும் மனைவியின் பொறுமையில் இருந்தது. அவள் அதே வடிவத்தை வாங்கி, பொறுப்பைக் கணவனின் நேர்மையில் கொண்டுபோய் வைக்கிறாள். இசையரங்கில் ஒருவர் பாடிய சங்கதியை மற்றவர் எடுத்து வேறு திசையில் கொண்டுபோவது போன்ற இந்தச் செயல் கலைஞர்களுக்கு இயல்பானது. இதைக் கேட்டு ஒருவன் ‘இவள் வேறொருவனை நினைக்கிறாள்’ என்று எழுந்துபோனால், அவன் பாட்டைக் கேட்கவில்லை, வேவு பார்த்திருக்கிறான்.

ஆயினும் மாதவியின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதா? கணவன் இன்னொருத்தியைக் கூடியபோதும் ஊடாத பெண் என்று கோவலன் பாடுகிறானே, அப்படி ஒருத்தி புகாரில் இருந்தாள். அவள் கண்ணகி. மாதவியை மகிழ்விக்கவென்று தொடங்கிய பாட்டில், அவன் அறியாமலே அவன் விட்டுவந்த மனைவியின் சாயல் ஏறிவிட்டது என்று நான் வாசிக்கிறேன். அவன் நோக்கம் ஒன்று. அவன் பாட்டு சொன்னது இன்னொன்று. மாதவி பாட்டைச் சரியாகவே கேட்டாள். பாடியவனின் நோக்கத்தைத்தான் தவறாக ஊகித்தாள். கோவலனோ இரண்டையும் தவறவிட்டான்.

மொழியியலில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. நான், நீ, அவன், அவள் ஆகிய இடப்பெயர்களுக்குத் தமக்கென நிலையான பொருள் இல்லை. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதைக் கொண்டே பொருள் நிரம்புகிறது. அகப்பாடல் மரபு இந்த வெறுமையையே தன் ஆற்றலாக்கிக்கொண்டது. ‘சுட்டி ஒருவர் பெயர் கொள்ளாமை’ என்பது அகத்திணைக்குத் தொல்காப்பியம் விதித்த அடிப்படை விதி. பெயர் சுட்டாததால் ஒரே பாட்டு யாருடைய வாயிலும் பொருந்தும். சங்கப் பாடல்களின் கீழே ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று பின்னர் எழுதப்பட்ட குறிப்புகள், இந்த நெகிழ்ச்சிக்கு எல்லை கட்டிய முயற்சிகள். கானல்வரிப் பாடல்களும் நெய்தல் நிலத்து முகமற்ற தலைவன் தலைவியரின் கூற்றுகளே. கடற்கரையில் அமர்ந்திருந்த இருவரும் அந்த முகமற்ற இடத்தில் தங்கள் பெயர்களை எழுதிவிட்டார்கள்.

கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை நமக்குக் கிடைக்காமற்போனது பெரிய இழப்பு. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதும் அவ்வுரை அகப்படவில்லை. இசை இலக்கணத்தை ஊன்றி விளக்கும் அவர், இந்தப் பாட்டுகளின் நோக்கங்களை எப்படிப் பகுத்திருப்பார் என்பதை இனி அறிய வழியில்லை.

4. எழினி எங்கே இருந்தது?

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே விளங்கும். பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், திரைக்குப் பின்னால் வரிசையாக எரியும் 21 விளக்குகளின் ஒளியில், கம்பனின் தமிழ்ப் பாடல்களைச் சொல்லிப் புலவர்கள் இரவு முழுவதும் பாவைகளை ஆட்டுவார்கள். தாரிகனோடு போர்புரிந்துகொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காண இயலாமற்போன பத்திரகாளிக்காக நிகழ்த்தப்படுவது என்பது மரபு. மனிதப் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. ஒரு பாடலைச் சொல்லி நிறுத்தி, அதன் பொருளைக் கேள்வியும் விடையுமாகப் புலவர்கள் விரித்துக்கொண்டே போவார்கள். வாலியை மறைந்து கொன்றது முறையா என்று வாலிக்காக வாதாடும் குரலும், இராமனுக்காக விடைசொல்லும் குரலும் அதே திரைக்குப் பின்னிருந்து வருகின்றன. வாலிக்காகப் பேசும் புலவரை யாரும் இராமனின் பகைவர் என்று கருதுவதில்லை. குரலுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு திரை இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மாதவிக்கும் இது தெரியும். அவள் அரங்கேறிய மேடையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் இருந்தன. வேடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஏழாண்டுகள் பயின்றவள் அவள். கடற்கரையிலும் எழினி இருந்தது; ஆனால் அது இருவரையும் உலகத்திடமிருந்து மறைத்தது. பாட்டுக்கும் பாடுபவளுக்கும் நடுவில் அங்கே திரை இல்லை. ஆகவே அவள் ‘போல்’ பாடியது கோவலனுக்கு ‘ஆகவே’ என்று கேட்டது.

5. இரண்டு கடிதங்கள்

அடுத்து நடந்ததே இந்த வழக்கின் முக்கியச் சான்று. வேனிற் காதையில் மாதவி தாழை மடலில் ஒரு கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை ஏற்கவில்லை. தன்னோடு அவள் வாழ்ந்த நாட்களின் ஒவ்வொரு நிலையையும் கண்கூடுவரி, காண்வரி, உள்வரி, புறவரி, கிளர்வரி, தேர்ச்சிவரி, காட்சிவரி, எடுத்துக்கோள்வரி என எட்டு நடிப்புகளாக வகைப்படுத்திச் சொல்லி, ஆடல்மகளாகிய அவளுக்கு இவை இயல்பே என்று முடிக்கிறான். அவன் கையாளும் கலைச்சொற்கள் அனைத்தும் அவள் துறையைச் சேர்ந்தவை. அவளுடைய கல்வியையே அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறான். நடிக்கத் தெரிந்தவள் எப்போதும் நடிக்கிறாள் என்பதே அவன் வாதம். இந்த வாதத்துக்கு மறுப்பே சொல்ல முடியாது. அவள் அழுதால் அதுவும் நடிப்பு. கடிதம் எழுதினால் அதுவும் நடிப்பு.

இரண்டாம் கடிதத்தைக் கௌசிகன் என்னும் அந்தணன், மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனிடம் சேர்க்கிறான். இப்போது கோவலன் அதைப் படிக்கிறான். அவள்மீது தீதில்லை, தீது தன்னுடையதே என்று உணர்கிறான். பிறகு அவன் செய்வதுதான் வியப்பு. இந்தக் கடிதத்தின் சொற்கள் என் பெற்றோருக்கும் பொருந்துகின்றன, இதையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடு என்று திருப்பி அனுப்புகிறான். அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு வேண்டும் அந்த வரிகளில் பெயர்கள் இல்லை. மாதவி எழுதினால் கோவலனுக்கு. கோவலன் அனுப்பினால் தாய்தந்தையர்க்கு. எந்த நெகிழ்ச்சி கடற்கரையில் அவர்களைப் பிரித்ததோ, அதே நெகிழ்ச்சி இங்கே ஒரு மகனின் மன்னிப்பாகப் பயன்படுகிறது. சொற்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரே அல்லர் என்பதைக் கோவலன் கற்றுக்கொண்ட இடம் இது. அதற்குப் பிறகு அவனுக்கு அதிக நாட்கள் இல்லை.

ஆகவே சிலப்பதிகாரத்துக்குள்ளேயே குற்றம் சாட்டியவன் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுவிட்டான். மாதவி வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

6. முடிந்த வழக்கை மீண்டும் திறந்தவர்கள்

முடியவில்லை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘கோவலன் கதை’யில் கானல்வரியின் நுட்பம் இல்லை, அங்கே மாதவி கோவலனின் பொருளைக் கரைக்கும் கணிகையாகச் சுருங்குகிறாள். யாழும் வரிப்பாட்டும் கதையை விட்டு விலகிய இடத்தில் பணம் வந்து அமர்ந்தது. இருவர் பாட்டால் பிரிந்தார்கள் என்பதைவிட, ஒருத்தி காசுக்காக ஒருவனைக் கெடுத்தாள் என்பது சொல்லவும் கேட்கவும் எளிது. கோவலன் திரும்பப்பெற்ற வாதத்தை மக்கள்கதை எடுத்துக்கொண்டது.

பாட்டை நீக்கிவிட்டுப் பாடியவளை விசாரிக்கும் இந்தப் பழக்கம் கதைகளோடு நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி, ராதையின் ஊடலையும் அதன் தணிவையும் பொருளாகக் கொண்டு தெலுங்கில் ‘ராதிகா சாந்துவனமு’ இயற்றினார். பிற்காலத்தில் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம், நூலைப் பழித்ததோடு நூலாசிரியரின் ஒழுக்கத்தையும் பழித்தார். ராதையின் வாயில் வைக்கப்பட்ட சொற்கள் முத்துப்பழனியின் வாக்குமூலமாகப் படிக்கப்பட்டன. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலை முழுமையாக மீண்டும் பதிப்பித்தார். பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான் தடை நீங்கியது. இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். அவர் எழுப்பிய இடத்தில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாடுவதற்காக அவரே போராடவும் வேண்டியிருந்தது.

தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சி முத்துலட்சுமி ரெட்டியின் முன்னெடுப்பில் 1927 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நடந்து, 1947இல் சட்டமாயிற்று. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்றே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விவாதங்களின் ஊடே, அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை வேறு, அவர்கள்மீது சுமத்தப்பட்ட வாழ்க்கை வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. கோவலனின் எட்டு வரிகள் அப்போதும் செல்லுபடியாயின.

7. கட்சி பிரிந்து இழுக்கும் கதை

கண்ணகி கோட்டத்தில் கடவுள்மங்கலம் நிகழ்ந்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் உடனிருந்தான் என்று வரந்தரு காதை கூறுகிறது. அதன் வரலாற்று உண்மை எதுவாயினும், கண்ணகி வழிபாடு கடல்கடந்து வேரூன்றியது உண்மை. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது. அங்கே ‘கொம்புமுறி’ என்றொரு சடங்கு விளையாட்டும் உண்டு. ஊர் இரண்டு கட்சிகளாகப் பிரியும். வடசேரி கோவலனின் கட்சி. தென்சேரி கண்ணகியின் கட்சி. கட்சி பரம்பரையாக வருவது. இரு தரப்பும் வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கோத்துக் கயிறு கட்டி இழுக்கும். ஒரு கொம்பு முறியும்வரை இழுக்கும். ஒரு கட்சி மற்றதை வசைபாடும் பாட்டுகளும் உண்டு. சிங்களரின் ‘அங்கெலிய’வும் இத்தகையதே. பத்தினித் தெய்வமும் அவள் கணவன் பாலங்கனும் தொரட்டிகொண்டு சண்பகப்பூப் பறித்தபோது இருவர் தொரட்டிகளும் சிக்கிக்கொண்டன, பிரிக்க இயலாமல் ஊரை உதவிக்கு அழைத்தார்கள் என்பது அதன் பிறப்புக்கதை. பத்தினி வழிபாடு குறித்துக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இச்சடங்கை விரிவாக ஆராய்கிறது.

வாசகர் கதைக்குள் புகுந்து தரப்பெடுக்கும் வடிவம் இதைவிடத் தெளிவாக எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. கணவன் மனைவி உறவின் சிக்கல் இங்கே மரத்தாலான பொருளாகவே கைக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு கயிறுகளே உள்ளன என்பதையும் காண வேண்டும். கோவலனுக்கு ஒரு கட்சி, கண்ணகிக்கு ஒரு கட்சி. மாதவிக்காக இழுப்பதற்கு யாரும் இல்லை. சிக்கலில் மூவர் இருந்தார்கள். விளையாட்டில் இருவரே எஞ்சினார்கள்.

8. மலைமேல்

மங்கலதேவிக்குத் திரும்புகிறேன். குமுளியிலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. காட்டுவழி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இடுக்கியும் தேனியும் தொடும் மலையுச்சியில், இடிந்த கருங்கல் கட்டுமானங்கள். ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே மக்கள் செல்ல அனுமதி. சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே என்பார் ஒரு சாரார். கொடுங்கல்லூரே என்பார் மற்றொரு சாரார். கோயில் யாருக்குரியது என்று இரு மாநிலங்களுக்கும் இடையே நீண்ட வழக்கு. அன்று மட்டும் தமிழும் மலையாளமும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்று. கண்ணகி பாண்டியன் அவையில் செய்தது நோக்கத்தைப் பற்றிய வாதம் அன்று. என் கணவன் நல்லவன், அவன் மனம் அறிவேன் என்று அவள் வாதாடவில்லை. சிலம்பை உடைத்தாள். உள்ளே முத்தா மாணிக்கமா என்பதைக் கண்ணால் காணச்செய்தாள். உடைத்துப் பார்க்கக்கூடிய பொருள் கையில் இருந்தபோதும் பார்க்காமல் தீர்ப்பளித்ததே பாண்டியனின் பிழை.

பாட்டை அப்படி உடைத்துப் பார்க்க இயலாது. உள்ளே யாருடைய பெயர் இருக்கிறது என்று காட்டும் பரல் அதில் இல்லை. அப்படியானால் பாட்டைக் கொண்டு ஒருத்திமேல் தீர்ப்பெழுதுவதற்கு நமக்குப் பாண்டியனைவிடவும் குறைந்த உரிமையே உண்டு. இருந்தும் மாதவி வழக்கில் நாம் அதைத்தான் நெடுங்காலமாகச் செய்துவருகிறோம், அதுவும் கண்ணகியின் பெயரால். அந்தக் கண்ணகி மாதவியைக் குறைகூறவில்லை. மதுரையில் கொலைக்களத்துக்குப் போகுமுன் அவள் கோவலனிடம் மென்மையாகச் சொன்ன ஒரே குறை, போற்றத்தகாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்பதே. பொறுப்பை அவள் வைத்த இடம், மாதவி தன் காவிரிப் பாட்டில் வைத்த அதே இடம். ஒருவரையொருவர் கண்டிராத இரு பெண்களும் ஒரே தரப்பில்தான் நிற்கிறார்கள்.

வரிசையில் அந்த இளைய பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இவ்வளவே. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைச் சேர்ந்த மாணவ நண்பர்கள் தங்கள் வீடுகளில் கேட்ட கோவலன் கதை வடிவங்களைப் பின்னூட்டத்தில் எழுதினால் மகிழ்வேன். முக்கியமாக, மாதவி பாடியதாக அக்கதைகளில் ஒரு வரியேனும் எஞ்சியிருக்கிறதா என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.